மறைத்து வாழ்ந்தோர் வரலாறு

ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் பொருளையே அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது மனிதகுலத்தின் பழைய மயக்கம். அதற்குச் சான்று தேடி அயல்நாடு போக வேண்டியதில்லை. உலகம் 'ஆட்டிசம்' என்று குறிப்பிடும் இயல்போடு பிறந்தவர்களுக்குத் தமிழக அரசின் செய்திக் குறிப்புகளிலும் விண்ணப்பத் தாள்களிலும் வழங்கிவந்த பெயர் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்பது. புற உலகைப் பற்றிய சிந்தனையே இல்லாதவர்களாம்! பெயர் வைத்தவர் நெஞ்சில் வஞ்சம் இருந்திராது. ஆனால் பழி சுமத்த வஞ்சம் வேண்டுமா? அறியாமை போதாதா?

அத்தகைய இளைஞன் ஒருவன் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பேருந்தில் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். படித்தவன், பணியில் இருப்பவன். ஊதுகுழலின் ஓசை மற்றவர் காதில் ஒலியாக விழ, அவன் காதில் ஊசியாக இறங்குகிறது. காதைப் பொத்திக்கொள்ளக் கை துடிக்கிறது. பொத்தினால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். ஆகவே கையைத் தொடையின் கீழ் வைத்து அமுக்கிக்கொள்கிறான். நடத்துநர் ஏதோ வேடிக்கை பேசுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பொருள் விளங்கும் முன்பே அவனும் சிரிக்கிறான். சிரிக்காவிட்டால் என்ன நேரும் என்பதைப் பள்ளியிலேயே கற்றவன் அவன். அலுவலகத்தில் மேலாளரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், மனத்திற்குள் மூன்று வரை எண்ணுகிறான், பிறகு பார்வையை விலக்குகிறான், மீண்டும் எண்ணுகிறான். பேச வேண்டியதை முந்தைய இரவே ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறான். மாலையில் வீடு திரும்பிக் கதவைத் தாழிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் சுவரோடு சுவராகக் கிடக்கிறான். 'என்னடா இது சோம்பேறித்தனம்' என்கிறார் தந்தை.

இவனா புற உலகச் சிந்தனையற்றவன்? விழித்திருக்கும் நேரமெல்லாம் புற உலகைத் தவிர வேறெதையும் சிந்திக்க முடியாமல் நெருக்கப்பட்டவனல்லவா இவன்! இப்படித் தன் இயல்பை மறைத்துப் பிறரைப் போல் தோன்றப் பாடுபடுவதை 'முகமூடி அணிதல்' என்று இன்றைய ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆட்டிசம் தொற்றுநோய் அன்று. முற்பிறவிப் பயன் அன்று. கிரகணத்தில் தாய் வெளியே நடந்ததால் வந்ததும் அன்று. கருவிலிருந்தே மூளையின் வளர்ச்சி வேறு பாதையில் செல்வதால் அமையும் இயல்பு அது. ஒருவருக்குப் பேச்சே வராது. இன்னொருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறுவார். இயல்பை இயற்கை தந்தது. முகமூடியைத் தந்தது யார்? அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே சற்று விரித்துப் பார்க்க விழைகிறோம்.

சுவிட்சர்லாந்தின் மருத்துவர் பிளாய்லர் 1911ஆம் ஆண்டளவில் 'ஆட்டிசம்' என்ற சொல்லை ஆக்கியபோது அவர் கருதியது வேறொரு மனநோயின் அறிகுறியை. நாம் இன்று அறியும் பொருளில் இந்த இயல்பைத் தெளிவாக எழுதிவைத்த முதல்வர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி. மாஸ்கோவில் பணியாற்றிய குரூன்யா சுகரேவா என்ற மருத்துவர், 1925இல் ஆறு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டே அது ஜெர்மன் மொழியில் வந்தது. 1927இல் சிறுமிகளைப் பற்றியும் எழுதினார். உலகம் கேட்டதா? இல்லை. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதையும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் எழுதியதையுமே தொடக்கம் என்று நெடுங்காலம் ஏடுகள் ஓதிவந்தன. பெண் சொன்னது அம்பலமேறாது என்னும் நம்மூர் வழக்கு மாஸ்கோவிலும் உண்டு போலும்.

வியன்னாவில் சிறிது நிற்க வேண்டும். ஆண்டு 1944 என்பதைக் கவனியுங்கள். நகரம் ஹிட்லரின் பிடியில். இனத்தூய்மை என்ற பெயரில், வாழத் தகுதியற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை மருத்துவமனையிலேயே கொல்லும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வியன்னாவின் 'ஆம் ஷ்பீகல்குருண்ட்' என்னும் நிலையத்தில் மட்டும் 1940க்கும் 1945க்கும் இடையே எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் மாண்டனர். அந்தக் காலத்தில் குழந்தைகளைக் காத்த கருணையாளர் என்றே அஸ்பெர்கர் பல்லாண்டு போற்றப்பட்டார். 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார். மூன்று வயது நிரம்பாத ஒரு சிறுமியை, வீட்டில் தாய்க்குத் தாங்கொணாச் சுமை என்று குறித்து, 1941இல் அந்த நிலையத்திற்கு அனுப்பிவைக்கக் கையொப்பமிட்டவர் இதே அஸ்பெர்கர்! இரண்டே திங்களில் அந்தக் குழந்தை மாண்டது.

அவர் புகழ்ந்தது யாரை? நுண்ணறிவு மிக்க, நாளை சமூகத்திற்குப் பயன்படக்கூடிய சிறுவர்களை. அனுப்பியது யாரை? பயன்படமாட்டார் என்று கருதியவர்களை. பயன் என்னும் தராசில் குழந்தையை நிறுத்த அந்த ஊரில், வேறுபட்டவன் என்று தெரிவதே உயிருக்கு இறுதியாகலாம். மறைத்துக்கொள்வது மானக்கேட்டுக்கு அஞ்சி மட்டும் எழுந்த பழக்கம் அன்று என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

போர் முடிந்தது. பழி தாயின் மீது திரும்பியது. அன்பில்லாத தாயால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று பெத்தல்ஹைம் போன்றோர் 1960களில் பேசினர். 1967இல் அதற்கென்றே ஒரு நூலும் எழுதினார் பெத்தல்ஹைம். 1964இலேயே பெர்னார்டு ரிம்லண்ட் அதை மறுத்திருந்தார். 1977இல் இரட்டையர் ஆய்வு வந்து மரபணுவின் பங்கைக் காட்டியது. அந்தப் பொய்க்கு இதற்கு மேல் இடம் தர வேண்டியதில்லை.

அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலார் செய்தது அப்படிக் கடந்து செல்லக்கூடியது அன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய பயிற்சியைப் பற்றி 1965இல் 'லைஃப்' இதழ் படங்களோடு வெளியிட்டது. சொன்னபடி செய்தால் ஒரு வாய் உணவு. செய்யாவிட்டால் அதட்டல், அறை. சில வேளைகளில் மின் அதிர்ச்சி. 1987இல் அவர் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பரவியது: வாரத்திற்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளிலிருந்து வேறுபாடு தெரியாதவர்களாக ஆயினராம். வேறுபாடு தெரியாமை! வெற்றிக்கு அளவுகோல் அதுதான். குழந்தை மகிழ்ந்ததா, வலி குறைந்ததா, தன் மனத்தை வெளியிடக் கற்றதா என்பதல்ல. பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரிகிறதா இல்லையா என்பதே. இதே லோவாஸின் பெயர் 1974இல் இன்னோர் ஆய்விலும் காணப்படுகிறது: பெண்மைச் சாயல் கொண்ட ஐந்து வயதுச் சிறுவனை 'ஆண்பிள்ளை'யாக்கும் ஆய்வு அது. நடையை மாற்று, கையசைவை மாற்று, குரலை மாற்று! திருநங்கையர் தம் உரிமைக்கு நின்ற நாட்டில் பிறந்த நமக்கு அந்த இரண்டு ஆய்வுகளுக்கும் உள்ள உறவைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

'அங்கே ஆய்வென்று சொல்லி அடித்தார்கள். நம் நாடு அருள் பொழியும் நாடு' என்று எவரேனும் மார்தட்டினால், அவரை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். 2001 ஆகஸ்டு 6, விடியற்காலை. கொட்டகையில் தீ. உள்ளே இருந்தவர்கள் மனநலம் குன்றியோர் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள், காலில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் கரிந்தனர். அவர்களுள் யாருக்கு என்ன இயல்பு, எவருக்கு எந்த நோய் என்று எந்த மருத்துவர் பார்த்துப் பிரித்தார்? ஏர்வாடி ஒரு தர்கா. ஆனால் இதில் மதத்திற்கு மதம் பெரிய வேறுபாடு இல்லை. வேப்பிலை அடிக்கும் கோடாங்கி, கயிறு மந்திரிக்கும் பூசாரி, தாயத்துக் கட்டுபவர், பேயை விரட்டச் செபிப்பவர் எல்லோரும் பேச்சு வராத குழந்தையைப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: 'உள்ளே வேறு எதுவோ இருக்கிறது.' மனநலம் குன்றியோரைச் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை விதித்தது. அப்படி ஒரு தடையைச் சட்டம் சொல்ல வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சங்கிலியைக் கண்ட ஊரில், கையை ஆட்டிக்கொண்டே நடக்கும் பிள்ளையைத் தாய் ஏன் வீட்டுக்குள் இழுத்துக் கதவடைக்கிறாள் என்பது விளங்கும். மறைக்கும் பாடத்தை முதலில் கற்பிப்பவள் அன்புள்ள தாயே. அவளுக்கு ஊர் கற்பித்தது அது.

இனி நம் பகுதிக்கு வருவோம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர், சிவகாசியில் தீப்பெட்டி பிறந்தது, பிறகு பட்டாசு, பிறகு அச்சகம். வானம் பொய்த்த கரிசல் மண்ணில் அது கஞ்சி ஊற்றிய தொழில். அந்த நன்றியை மறக்கலாகாது. அதே தொழிலில் பிஞ்சுக் கைகள் கட்டை அடுக்கியதையும் மறக்கலாகாது. 1986இல் குழந்தை உழைப்புத் தடைச் சட்டமும், 1996 டிசம்பரில் சிவகாசியை முன்வைத்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வர வேண்டியிருந்தன.

தீப்பெட்டி ஆபீசில் பேசாத பிள்ளையை எவரும் குறை சொல்வதில்லை. ஒரே வேலையை ஓயாமல் செய்பவளைக் கணக்குப்பிள்ளைக்குப் பிடிக்கும். எண்ணிக்கைக்குக் கூலி, எவர் கண்ணையும் பார்க்கத் தேவையில்லை. ஆட்டிசம் கொண்ட எத்தனை சிறுமிகள் அங்கே 'நல்ல வேலைக்காரி' என்ற பெயருக்குள் மறைந்து வளர்ந்திருப்பார்கள்? அவர்களை எண்ணிய ஏடு ஏதும் இல்லை. எண்ணப்பட்டவை அடுக்கிய கட்டைகளே.

அங்கிருந்து பள்ளிக்கு அழைத்து வந்தோம். விருதுநகர் தந்த காமராசர் முதல்வராக இருந்த காலத்தில் ஊர்தோறும் பள்ளி, பகலில் சோறு என்று திறந்த கதவு அது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அந்தக் கதவின் பெருமை தெரியும். ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளைக்கு நாம் இட்ட முதல் கட்டளைகள் என்ன? 'என்னைப் பார்.' 'கையை ஆட்டாதே.' 'நேராக உட்கார்.' 'எல்லோரும் விளையாடுகிறார்கள், நீ மட்டும் ஏன் மூலையில்?' இவற்றில் ஒன்றேனும் எழுத்தோ எண்ணோ கற்பிப்பதற்குத் தேவையானதா? கண்ணைப் பார்த்தால் சொல் காதில் விழாத பிள்ளை உண்டு. தரையைப் பார்த்தபடியே பாடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அவனை நிமிர்த்திக் கண்ணைப் பார்க்கவைத்து, பாடத்தை இழக்கச் செய்து, 'இப்போதுதான் ஒழுங்கானான்' என்று மதிப்பேட்டில் எழுதுகிறது ஆசிரியர் உலகம்.

பிறகு ஐப்பசி. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஓசை 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அரசின் விதி. தாண்டாவிட்டாலும் அது காதுக்கு வலி தரும் எல்லைதான். ஓசையைப் பன்மடங்காக உணரும் காது ஒன்று, பட்டாசாலேயே வாழும் ஊரில் பிறந்தால்? வெடிக்கு அஞ்சுபவன் இங்கே பேடி. அப்பன் மருந்து செலுத்துகிறான், அம்மா திரி சுற்றுகிறாள், அண்ணன் கடை வைத்திருக்கிறான். பிள்ளை மட்டும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடினால் குடும்பத்திற்கே நாணம்! எனவே பத்து வயதில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவில் நிற்கக் கற்றுக்கொள்கிறான். கையில் மத்தாப்பும் கொடுத்துவிடுகிறார்கள். 'பயம் தெளிந்துவிட்டது' என்கிறார் பாட்டி. பயம் தெளியவில்லை, வெளியே தெரியாமல் ஒளிந்துகொண்டது.

பெண் பிள்ளையின் கதை இதனினும் இரங்கத்தக்கது. ஆண்பிள்ளை பேசாமல் இருந்தால் ஊர் கேட்கும். பெண் பேசாமல் இருந்தால் 'அடக்கம்' என்று மெச்சும். தலை குனிந்து நடந்தால் 'நாணம்'. தோழியின் சிரிப்பை, நடையை, சொல்லை அப்படியே பார்த்துப் படியெடுத்தால் 'சூட்டிகை'. இத்தனைப் புகழ்மொழிகளுக்கு இடையே அவள் படும் பாடு எவர் கண்ணிலும் படுவதில்லை. பிறகு ஒருநாள் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பின் அறியாத இருபது பேர். இருபது விதமான மணம், குரல், பார்வை. காபித் தட்டை ஏந்தி நடுவே வர வேண்டும். இத்தனை அளவு சிரிக்க வேண்டும், அத்தனைக்கு மேல் சிரிக்கக் கூடாது! எல்லாப் பெண்களுக்கும் அது நாடகம்தான். இவளுக்கோ ஆயுள் முழுவதும் இறங்க முடியாத மேடை. ஆஸ்திரேலியாவின் டோனா வில்லியம்ஸ் 1992இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதியபோது, உலகைச் சந்திப்பதற்காகத் தமக்குள் இரண்டு வேறு ஆட்களை உருவாக்கி அவர்களாகவே நடித்து வளர்ந்ததை விவரித்தார். அந்த நூல் வரும்வரை இது வெளியுலகின் செவியில் பெரிதாக விழவில்லை. 1981இல் அஸ்பெர்கரின் கருத்துகளை ஆங்கில உலகிற்கு எடுத்துச் சென்றவரும் ஒரு பெண்மணியே. ஆட்டிசம் கொண்ட மகளின் தாயான மருத்துவர் லோர்னா விங்.

முகமூடியின் விலை என்ன? 2017இல் லாரா ஹல் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் கொண்ட பெரியவர்கள் 92 பேரைக் கேட்டனர். வேலை கிடைக்க, நட்புக் கிடைக்க, ஏளனத்திலிருந்து தப்பிக்க மறைக்கிறோம் என்றார்கள்; பின்னர் உயிரே வற்றிப்போனாற்போன்ற களைப்பு, நான் யார் என்பதே தெரியாத குழப்பம் என்றார்கள். மறைப்பு மிக மிகத் தற்கொலை எண்ணமும் மிகுவதை 2018இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று நாம் சொல்லி மகிழும் பிள்ளையே பெரும் இடரில் இருக்கக்கூடும்.

அவர்களுக்குப் பிறர் மனம் விளங்காது என்ற பழைய கூற்றும் ஆட்டம் கண்டுவிட்டது. விளங்காமை இருபுறமும் உள்ளது என்று 2012இல் வாதிட்டார் டேமியன் மில்டன். அவரே ஆட்டிசம் கொண்ட சமூகவியலாளர். 2020இல் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் அதைச் சோதித்தனர். ஒருவர் கதை சொல்ல, கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்ல, இப்படியே எட்டுப் பேர். ஆட்டிசம் கொண்டோர் மட்டும் அடங்கிய வரிசையில் செய்தி, மற்றவர் வரிசையைப் போலவே நன்றாகச் சென்றது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் சிதைந்தது. குறை ஒரு தரப்பில் மட்டும் இருந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா? உயர்ந்தோன் மொழி தாழ்ந்தோனுக்குத் தெரியவில்லையென்றால் அது தாழ்ந்தோனின் மடமை, தாழ்ந்தோன் மொழி உயர்ந்தோனுக்குத் தெரியவில்லையென்றால் அதுவும் தாழ்ந்தோனின் மடமை என்னும் பழைய கணக்கை நாம் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம்.

சட்டம் கண்ணைத் திறந்திருக்கிறது, மறுக்கவில்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக அதை வைத்து, அரசுப் பணி இடஒதுக்கீட்டிலும் சேர்த்தது. ஆனால் அந்த ஒதுக்கீட்டைப் பெற 40 விழுக்காடு குறைபாடு என்ற சான்று வேண்டும். சான்று தருவதற்கென இந்தியாவில் உருவாக்கிய அளவைத்தாளில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. முதல் கூறே கண்ணோடு கண் பார்ப்பது பற்றியது! பதினைந்து ஆண்டுகள் அடிபட்டுக் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டவன் அந்த அறைக்குள் நுழைகிறான். வாழ்நாள் பழக்கத்தால் அங்கேயும் மூன்று வரை எண்ணுகிறான், பார்க்கிறான், சிரிக்கிறான். மதிப்பெண் குறைகிறது. சான்று இல்லை. வெளியே வந்தால் வேலையும் இல்லை. நேர்முகத் தேர்வில் 'ஏதோ ஒருமாதிரி இருக்கிறான்' என்று ஒதுக்கிவிட்டார்கள். மறைத்ததற்கு அங்கே தண்டனை. முழுவதும் மறைக்க முடியாததற்கு இங்கே தண்டனை.

பெயர் மாற்றம் அற்பம் என்று சிலர் கருதலாம். விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆனது. இழிவாக வழங்கப்பட்ட சாதிப்பெயர் ஒன்று இந்தப் பகுதி மக்களின் முயற்சியால் 1921இல் அரசு ஏடுகளிலிருந்து நீங்கியது. 'ஊனமுற்றோர்' என்பதை 2010இல் 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றியவர் கலைஞர். ஏட்டில் உள்ள சொல்தான் எழுத்தரின் வாயில் வரும். எழுத்தர் வாயில் வந்ததுதான் தாயின் காதில் விழும். 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்பதை எழுதும் பேனா எதுவாயினும் அது நிற்கட்டும். ஆட்டிசம் என்று வடசொல்லும் அல்லாத, தமிழும் அல்லாத சொல்லையே எழுதினாலும் கேடில்லை; பொய்யான தமிழைவிட மெய்யான கடன்சொல் மேல்.

கானர் எழுதிய அந்த 11 குழந்தைகளில் முதல்வனின் பெயர் டொனால்டு டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூர், 1933இல் பிறந்தவர். எண்ணுவதில் தீராத வேட்கை அந்தச் சிறுவனுக்கு. பின்னர் ஓர் உழவர் குடும்பத்தோடு சில ஆண்டுகள் வாழ்ந்தான். எதை எடுத்தாலும் அளந்துகொண்டே இருந்தான். அளக்காதே என்று சொல்லவில்லை அந்த உழவர், கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். எண்ணிக்கொண்டே உழச் சொன்னார். நேராக உழுதான். செல்வக் குடும்பம் அவனுடையது, வெள்ளையர் குடும்பம். அந்த மாநிலத்தில் அந்நாளில் ஒரு கறுப்பினச் சிறுவனுக்கு இந்தப் பொறுமை கிடைத்திருக்குமா என்று கேட்பது முறைதான். ஆயினும் கிடைத்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1958இல் கல்லூரிப் பட்டம் பெற்றார். ஊர் வங்கியில் பணி. தனியே நாடு நாடாகப் பயணம். கோல்ஃப் ஆடுவார். 2023இல், 89ஆம் வயதில் மறைந்தார். தமக்குப் பழக்கமானவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் சூட்டி, அந்த எண்ணாலேயே அவர்களை அழைத்துவந்தார். பல ஆண்டு கழித்துச் சந்தித்தாலும் எவருடைய எண்ணையும் மறந்ததில்லை.